பதினோராம் வகுப்பும் பகுதிநேர வேலையும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நாங்கள் பதினெட்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில், எடிசனுக்கு அருகில் வசிக்கிறோம். எங்கள் ஒரே மகள் இங்கேயே பிறந்தவள். இப்போது பதினோராம் வகுப்பில், இங்குள்ளவர்கள் சொல்லும் ‘ஜூனியர் இயரில்’ படிக்கிறாள். கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடங்கள் நான்கு, மார்ச் மாதத்தில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு, வாரம் இருமுறை பரத வகுப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவள், சென்ற வாரம் சாப்பிடும்போது, பக்கத்துக் கடைத்தெருவில் உள்ள ஐஸ்கிரீம் கடையில் வசந்த காலத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், நான் சேரப்போகிறேன் என்றாள். “ஐஸ்கிரீம் கரண்டி பிடிப்பதற்கா நாம் இவ்வளவு தூரம் வந்தோம்? பணம் வேண்டுமென்றால் என்னிடம் கேள்” என்றார் என் கணவர். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

எங்கள் நண்பர்கள் கல்லூரி ஆலோசகர்களுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். கோடையில் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வளாகங்களில் நடக்கும் கட்டண முகாம்களுக்கு அனுப்புகிறார்கள். கல்லூரிகள் உற்றுப் பார்ப்பது இந்த ஆண்டைத்தான் என்கிறார்கள். வேலைக்குப் போனால் மதிப்பெண் குறையாதா? அவள் சம்பாதித்தால் நிதியுதவி போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார், அது உண்மையா? நாங்கள் இருவரும் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வில் இடம் பெற்றவர்கள். இங்கே பெற்றோர் எதுவரை கூட நிற்க வேண்டும் என்பதே எங்களுக்குப் பிடிபடவில்லை.

(பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் அந்த வேலைக்குப் போகட்டும். பள்ளி நடக்கும் மாதங்களில் வாரத்துக்குப் பத்து மணி நேரம், கூடினால் பன்னிரண்டு என்று ஓர் எல்லையை மட்டும் அவளோடு பேசி வைத்துக்கொள்ளுங்கள். பதின்பருவத்தினரின் வேலையைப் பற்றி இந்நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் ஆய்வுகள் வாரத்துக்கு 20 மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் படிப்பு சரிவதைக் காட்டுகின்றன. அங்கும்கூட, வேலையால் படிப்பு சரிந்ததா, படிப்பில் மனம் விலகியவர்கள் கூடுதல் நேரம் வேலை செய்தார்களா என்ற விவாதம் முடிந்தபாடில்லை. ஏ.பி. தேர்வுகள் மே மாதத்தில் வருவதால், ஏப்ரல் கடைசியிலிருந்து மூன்று வாரங்களுக்கு வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்பதைச் சேரும்போதே அவள் கடைக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். அவள்தான் கேட்க வேண்டும், நீங்கள் அல்ல.

உங்கள் கணவரின் சொல்லைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் ஏறத்தாழ அதே சொல்லை என் மகனிடம் நானும் சொல்லியிருக்கிறேன். படிக்கிற பிள்ளை கூலி வேலைக்குப் போவதென்றால் வீட்டில் வறுமை என்றுதான் நமக்குப் பொருள். என் பள்ளி நாட்களில், கோடை விடுமுறையில் தேநீர்க் கடையில் கிளாஸ் கழுவிய வகுப்புத் தோழர்கள் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள்; நாங்களும் தெரியாததுபோல் இருந்துவிடுவோம். அந்த வெட்கத்தைப் பெட்டியில் வைத்து விமானம் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டோம். இங்கோ, மருத்துவரின் மகளும் கடற்கரையில் உயிர்காப்பாளராக நிற்கிறாள், வழக்கறிஞரின் மகனும் மளிகைக் கடையில் பை நிரப்புகிறான். பார்ப்பவர்கள் அதில் எந்தக் குறையும் காண்பதில்லை. உங்கள் மகள் இந்த ஊர்க்காரி என்பதை உங்கள் கணவர் மறந்துவிட்ட ஒரு நொடியில்தான் அவள் எழுந்து போயிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

கல்லூரிகள் இதை எப்படிப் பார்க்கும் என்ற கவலைக்கு வருகிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கும் ‘காமன் ஆப்’ என்னும் பொது விண்ணப்பத்தில் மாணவர் தம் செயல்பாடுகளாகப் பத்து மட்டுமே குறிப்பிடலாம். ஒவ்வொன்றையும் 150 எழுத்துகளுக்குள் விவரிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஊதியத்துக்குச் செய்யும் வேலைக்கென்று தனி வகையே உண்டு. தம்பியைப் பார்த்துக்கொள்வது, பாட்டிக்கு மருந்து கொடுப்பது போன்ற குடும்பப் பொறுப்புகளுக்கும் உண்டு. ஹார்வர்ட் கல்வியியல் பள்ளியில் இயங்கும் ஒரு குழு 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, சேர்க்கை அலுவலர்கள் இவ்விரண்டையும் ஆடம்பரச் சேவைப் பயணங்களுக்கு இணையாக மதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. பல முன்னணிக் கல்லூரிகளின் சேர்க்கை அலுவலர்கள் அதை வழிமொழிந்தார்கள். உங்கள் நண்பர்கள் சொல்லும் கட்டண முகாம்களில் பலவற்றுக்குப் பணம் கட்டக்கூடிய யாரும் போகலாம் என்பது சேர்க்கை அலுவலகங்களுக்கும் தெரியும். ஆனாலும் விண்ணப்பத்தில் எழுதுவதற்காக அவள் வேலைக்குப் போக வேண்டாம். அவளுக்குப் போக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதே, அதுவே போதுமான காரணம்.

வேலையில் சேர்வதற்கான காகித வேலைகளை அவளிடமே விடுங்கள். நியூ ஜெர்சியில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு ‘ஒர்க்கிங் பேப்பர்ஸ்’ என்னும் வேலை அனுமதிச் சான்று வேண்டும். முன்பு பள்ளி அலுவலகத்துக்கு நடையாக நடக்க வேண்டியிருந்தது. 2023 ஜூன் முதல் மாநிலத் தொழிலாளர் துறையின் இணையதளம் வழியாகவே நடக்கிறது. கடைக்காரர் முதலில் பதிவு செய்து ஒரு குறியீட்டைத் தருவார், அவள் தன் பங்கை நிரப்புவாள், உங்களுக்குத் தகவல் வரும். பிறகு வேலை செய்யும் தகுதியைக் காட்டும் ஐ-9 படிவத்துக்குப் பாஸ்போர்ட், வரிப் பிடித்தத்துக்கு டபிள்யூ-4. அவள் ஈட்டப்போகும் தொகைக்கு மத்திய வருமான வரி அநேகமாக வராது. ஆனால் சமூகப் பாதுகாப்புக்கும், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குமாக, ‘ஃபைகா’ என்ற பெயரில் 7.65 சதவீதம் போய்விடும். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து என் மகன், “யார் இந்த ஃபைகா, எதற்கு என் பணத்தை எடுக்கிறார்?” என்று கேட்டான். வரியைப் பற்றி எங்கள் வீட்டில் நடந்த முதல் உருப்படியான உரையாடல் அதுதான்.

சட்டத்தில் சிலவற்றை மட்டும் நீங்களும் அறிந்து வைத்திருங்கள். மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. நியூ ஜெர்சியில் அது 2025ஆம் ஆண்டில் 15.49 டாலராக இருந்தது. பருவகாலக் கடைகளுக்கும் ஆறு பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கும் விகிதம் சற்றுக் குறைவு என்பதால், ஐஸ்கிரீம் கடை எந்த வகையில் வருகிறது என்று அவள் கேட்டுக்கொள்ளலாம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இறைச்சி சீவும் இயந்திரத்தைத் தொடக்கூடாது, கழுவுவதற்காகக்கூடத் தொடக்கூடாது. பதினேழு வயதுக்கு முன்பு வேலையின் பொருட்டு வண்டி ஓட்டவும் கூடாது.

என் மகன் வேலை செய்த பீட்சா கடையில், கடையை மூடிய பிறகு தரை துடைக்கும் அரை மணி நேரத்தை நேரக் கணக்கில் சேர்க்காமல் விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரியவந்ததும் தொலைபேசியை எடுத்துவிட்டேன். அவன் தடுத்து, மூன்று வாரக் கணக்கை ஒரு தாளில் நாள்வாரியாக எழுதி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை போனான். என்ன பேசினான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பணம் வந்தது, வேலையும் போகவில்லை.

இதைப் படிக்கும் வேறு சில குடும்பங்களுக்காக ஒன்றை இடையில் சொல்ல வேண்டும். உங்கள் மகள் இங்கே பிறந்தவள் என்பதால் அவளுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோரோடு எச்-4 குடும்ப விசாவில் வந்த பிள்ளைகள் ஊதியம் பெறும் எந்த வேலையும் செய்யக்கூடாது. தெரிந்தவர் கடைதானே, கையில் பணமாகத் தருகிறாரே என்பதும் விதிமீறல்தான். கிரீன் கார்டு விண்ணப்பம் கடைசிக் கட்டத்துக்கு வந்து வேலை அனுமதி அட்டை கிடைத்தால் நிலைமை மாறும். அதுவரை நூலகம், மருத்துவமனை, தமிழ்ப் பள்ளி ஆகியவற்றில் ஊதியமில்லாத தொண்டு மட்டுமே. அந்தப் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி நிதியுதவியும் கிடையாது. கூடப் படிப்பவர்கள் எல்லோரும் வேலைக்குப் போக, தான் மட்டும் ஏன் போகக்கூடாது என்பதைப் பதினாறு வயதில் விசாத் தாளின் வழியாக அறிந்துகொள்வது எளிதன்று. அவர்களிடம் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இனி நிதியுதவியைப் பற்றிய பயம். மத்திய அரசின் கல்வி நிதியுதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் வழக்கமாகப் பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபர் 1 அன்று திறக்கும். ஆனால் அது பார்ப்பது அதற்கு முந்தைய நாட்காட்டி ஆண்டின் வருமானத்தை, அதாவது பத்தாம் வகுப்பின் ஜனவரி முதல் பதினோராம் வகுப்பின் டிசம்பர் வரை. உங்கள் மகளுக்கு அந்த ஆண்டு ஏற்கெனவே முடிந்துவிட்டது. இந்த வசந்தத்தில் அவள் ஈட்டுவது கல்லூரியின் இரண்டாம் ஆண்டுக்கான படிவத்தில்தான் வரும். அப்போதும் மாணவரின் வருமானம் பத்தாயிரம் டாலரைச் சற்றுத் தாண்டும் ஓர் எல்லை வரை இருந்தால் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வாரம் பத்து மணி நேரம் ஐஸ்கிரீம் அள்ளி அந்த எல்லையை எட்ட முடியாது. பயப்பட வேண்டிய இடம் வேறு. பிள்ளையின் பெயரில் இருக்கும் சேமிப்பில் 20 சதவீதத்தையும், பெற்றோரின் சேமிப்பில் அதிகபட்சம் 5.64 சதவீதத்தையும் கல்விச் செலவுக்குக் கிடைக்கும் பணமாக அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. ஆகவே நல்லெண்ணத்தில் அவள் பெயருக்குப் பெருந்தொகையை மாற்றி வைக்காதீர்கள். நீங்கள் குடியிருக்கும் வீட்டைப் ஃபாஃப்சா கேட்பதில்லை; ஊரில் வாங்கிப் போட்ட மனையையும் சென்னை அடுக்ககத்தையும் சொத்தாகக் காட்டத்தான் வேண்டும்.

பெற்றோர் எதுவரை கூட நிற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம்மவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பது என் எண்ணம். கட்டுரையை நாம் திருத்துகிறோம், ஆசிரியருக்கு நாம் மின்னஞ்சல் எழுதுகிறோம், கல்லூரிப் பட்டியலை நாம் போடுகிறோம். பணம் என்று வந்தால் மட்டும், “நீ இடம் வாங்கு, மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்லி அவர்களை வெளியே நிறுத்திவிடுகிறோம்.

நான் என் மகளுக்கு அப்படித்தான் சொன்னேன். அவளுக்கு ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. உதவி என்று வந்த கடிதத்தில் பெரும்பகுதி கடனாக இருந்தது. மே 1க்குள் முடிவைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாப்பாட்டு மேசையில், என் சம்பளம் எவ்வளவு, வீட்டுக் கடன் எவ்வளவு, ஊருக்கு அனுப்புவது எவ்வளவு என்பதையெல்லாம் முதன்முறையாக அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. “இதை ஒரு வருடத்துக்கு முன்பு சொல்லியிருந்தால், மதிப்பெண்ணுக்கு உதவித்தொகை தரும் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருப்பேனே அப்பா” என்றாள். அவள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்து நன்றாகவே இருக்கிறாள். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் இல்லை.

அதனால், அந்த மேசை உரையாடலை நீங்கள் இந்த மாதமே நடத்துங்கள். அறிவிக்கப்பட்ட மொத்தச் செலவு ஆண்டுக்கு 90,000 டாலரைத் தாண்டும் தனியார் கல்லூரிகள் இன்று பல உண்டு. எல்லோரும் அந்தத் தொகையைக் கட்டுவதில்லை என்பதும் உண்மை. மத்திய நிதியுதவி பெறும் மாணவர்களைச் சேர்க்கும் கல்லூரிகள் 2011 அக்டோபர் முதல், உதவித்தொகை போக ஒரு குடும்பம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று மதிப்பிடும் நிகரச் செலவுக் கணிப்பான் ஒன்றைத் தம் தளத்தில் வைத்தாக வேண்டும். நீங்கள் மூவரும் சேர்ந்து உட்கார்ந்து, உங்கள் வரிப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நம் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸ் உட்பட ஐந்தாறு கல்லூரிகளுக்கு அதை நிரப்பிப் பாருங்கள். வகுப்பில் முதல் 15 சதவீதத்துக்குள் வருவோருக்கு ஈராண்டு மாவட்டக் கல்லூரியின் கற்பிப்புக் கட்டணத்தை மாநிலமே ஏற்கும் என்.ஜே. ஸ்டார்ஸ் என்னும் திட்டத்தையும், ‘அதெல்லாம் நமக்கில்லை’ என்று ஒதுக்காமல் அவள் காதில் போட்டு வையுங்கள்.

எஸ்.ஏ.டி. தேர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எம்.ஐ.டி. 2022இலும் டார்ட்மத், பிரௌன், ஹார்வர்ட் ஆகியவை 2024இலும் தேர்வு மதிப்பெண் கட்டாயம் என்று மீண்டும் அறிவித்தன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ கொடுத்தாலும் பார்ப்பதில்லை. மார்ச்சில் ஒருமுறை எழுதட்டும், தேவைப்பட்டால் இன்னொரு முறை, அத்துடன் போதும். பரிந்துரைக் கடிதத்துக்கு இந்த ஆண்டு பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் இருவரைக் கோடை விடுமுறைக்கு முன்பே அவள் நேரில் கேட்டுவிட வேண்டும். காமன் ஆப்பின் 650 சொல் கட்டுரையை, அவளாக நீட்டினால் மட்டும், ஒருமுறை வாசியுங்கள். என் மகளின் கட்டுரையில் நான் செய்த ‘சிறு திருத்தங்களுக்கு’ப் பிறகு, அது ஐம்பது வயது ஆண் ஒருவர் எழுதிய விருப்ப ஓய்வுக் கடிதம்போல் இருந்தது என்று அவள் ஆங்கில ஆசிரியை சொன்னாராம்.

கடைசியாக உங்கள் கணவருக்கு. நியூ ஜெர்சியில் பதினேழு வயது வரை தனியாக வண்டி ஓட்ட உரிமம் கிடையாது. ஆகவே பதினாறு வயதுப் பெண்ணை வேலைக்குக் கொண்டுபோய் விட்டு அழைத்து வர யாராவது வேண்டும். அதை அவர் ஏற்றுக்கொள்ளட்டும். கடை மூடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாகவே போய், உள்ளே நுழையாமல், வண்டியில் காத்திருக்கட்டும். வீட்டுக்கு வரும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவள் ஏதாவது பேசினால் கேட்கலாம். எஸ்.ஏ.டி. பற்றி மட்டும் அவர் கேட்க வேண்டாம்.

அன்புடன்.