எடை குறையவில்லை என்றால் நடப்பதை விட்டுவிடலாமா?

காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 48 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "இரண்டு மாதமாகக் காலையில் நடக்கிறேன், எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. 'மாட்டைப் பார்க்கிறதும் தோட்ட வேலையும் பத்தாதா, இதுக்குன்னு தனியா நடக்கணுமா' என்று மாமியார் கேட்கிறார். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது. ராத்திரி தூக்கம் சரியில்லை, முட்டி வலிக்கிறது, எப்போதும் அசதி. விட்டுவிடலாமா?"

விடாதீர்கள் சகோதரி. சாப்பாட்டை மாற்றாமல் நடையால் மட்டும் எடை இறங்குவது ரொம்ப மெதுவாகத்தான் நடக்கும், அதனால் எடை மெஷினைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். தூக்கம், முட்டி, அசதி என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் நாளைக் கெடுப்பது அவைதான், பயிற்சியின் பலனையும் அங்கேதான் தேட வேண்டும். போன மாதத்தைவிட நன்றாகத் தூங்குகிறீர்களா, தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா, சாயங்காலம் சிடுசிடுப்பு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சாணி அள்ளுவதும் தீவனக் கட்டு தூக்குவதும் உழைப்புதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதாவது பேச முடியும், பாட முடியாது என்கிற அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும், வீட்டு வேலையும் இதில் சேரும். ஆனால் அதே நிறுவனம் வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும் என்கிறது, நம் பெண்கள் விட்டுவிடுவது அதைத்தான். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேய்கிறது, வயதோடு தசையும் கரைகிறது, நடை மட்டும் இதைத் தடுக்கப் போதாது. நாற்காலியில் கை ஊன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருங்கள், சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள், குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். சுலபமானதும் கையில் தண்ணீர் பாட்டிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், பலம் ஏறுவது சுமை ஏறும்போதுதான்.

முட்டி வலிக்குக்கூடத் தொடைத் தசை பலப்படுவதே நல்ல மருந்து. ஆனால் ஒரு விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம், பல வருடம் குடித்தால் அது எலும்பையும் மூட்டையும் பாதிக்கும், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். பல வருடம் போர்வெல் தண்ணீர் குடித்தவர் என்றால், முதுகும் கழுத்தும் விறைத்துக்கொள்கிறது என்றால், டாக்டரிடம் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன், இந்த வயதில் பலருக்கு இருந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறதா? அதற்குப் பயந்தே கல்யாணத்துக்கும் பஸ் பயணத்துக்கும் போகாமல் இருக்கும் பெண்கள் உண்டு. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள், பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழிக்கும்போது செய்யக் கூடாது. மூன்று மாதமாவது விடாமல் செய்தால்தான் வித்தியாசம் தெரியும்.

சரி, பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். வீட்டுக்கே வந்து இவற்றைப் பார்க்கும் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, அந்த ஊழியர் உங்கள் தெருவுக்கும் வருவார், கேளுங்கள். அசதிக்கு ரத்தசோகையும் தைராய்டும் காரணமாக இருக்கலாம், அந்த ரத்தப் பரிசோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். இந்த வயதில் மாதவிலக்கு தள்ளிப்போவது சகஜம். ஆனால் வரும்போது அதிகமாகப் போனாலோ, ஒரு வருடம் நின்றபின் மறுபடி ரத்தம் பட்டாலோ, அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.