வழி தவறிய குருவியை வேடிக்கை பார்க்கலாமா?

அன்புள்ள ஐயா,

ஃபேர் தீவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். சைபீரியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போகவேண்டிய மஞ்சள் புருவக் கதிர்க்குருவி, ஸ்காட்லாந்தின் ஒரு தீவில் வந்து இறங்குகிறது. அதைப் பார்க்க ஆட்கள் பைனாகுலரோடு ஓடுகிறார்கள். வழி தவறி வந்த உயிரை வேடிக்கை பார்ப்பது சரியா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அங்கே போகும்வரை எனக்கும் இந்த உறுத்தல் இருந்தது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் ஆர்க்னி, ஷெட்லாந்து என்ற இரண்டு தீவுக்கூட்டங்களுக்கு நடுவே, ஐந்து கிலோமீட்டர் நீளத்தில், மரமே இல்லாத தீவு அது. அக்டோபரில் கிழக்குக் காற்றும் மழையும் சேர்ந்து வந்தால், கடலைக் கடந்துகொண்டிருக்கும் பறவைகள் முதலில் கண்ட தரையில் இறங்கிவிடும். அப்படி ஒரு காலையில் கல்சுவரின் காற்றுப்படாத பக்கம் ஒதுங்கி நின்றேன். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் ஒரு மஞ்சள் புருவம், கல்லுக்குக் கல் தாவி ஈ பிடித்துக்கொண்டிருந்தது. இறக்கையில் இரண்டு வெளிர் கோடுகள். என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, அவ்வளவு பசி. என் கால் மரத்துப்போகும்வரை அசையாமல் நின்றேன். அதன் எடை சுமார் 6 கிராம், நம் பித்தளை நிற ஐந்து ரூபாய்க் காசு அளவுதான்.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியப் போர்க்கைதி முகாமில் இருந்தபோதே, ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்துப் பறவை ஆர்வலர் இந்தத் தீவில் ஒரு பறவை ஆய்வகம் அமைக்கத் திட்டம் போட்டார். 1948இல் தொடங்கியும் விட்டார். அன்றிலிருந்து பறவைகளை எண்ணுகிறார்கள், கம்பிவலைக் கூண்டில் பிடித்து, காலில் அடையாள வளையம் மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். ஒரு காலத்தில் அபூர்வமாக இருந்த மஞ்சள் புருவம் இப்போது ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வருகிறது. சில பறவைகள் தென்மேற்கு ஐரோப்பாவிலேயே குளிர்காலத்தைக் கழிக்கின்றன. அப்படியானால், எல்லாவற்றையும் வழி தவறியவை என்று சொல்லிவிட முடியுமா? யாரோ விடாமல் பார்த்து எழுதிவைத்ததால்தான் இந்தக் கேள்வியே வந்தது.

ஆனால் களைத்த பறவையைப் படத்துக்காகத் திரும்பத் திரும்பக் கிளப்பிவிடுவதையும் கண்டிருக்கிறேன். அது கொடுமைதான், அதில் உங்கள் பக்கம்தான் நான். மேய்வதை நிறுத்திவிட்டு அது நம்மைப் பார்த்தாலே நாம் அதிகம் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

அப்புறம், உங்களுக்கு ஒரு சேதி. ஷெட்லாந்தில் ஆட்கள் ஓடிப்போய்ப் பார்க்கும் பிளைத் நாணல் கதிர்க்குருவி, ஃபின்லாந்திலும் ரஷ்யாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு நம் ஊருக்குத்தான் குளிர்காலத்தில் வருகிறது. காலையில் ஏதாவது வேலிப்புதர் ஓரம் நின்று கேளுங்கள். ஆள் வெளியே வராது, உள்ளிருந்து 'டெக், டெக்' என்று சத்தம் மட்டும் வரும்.