டெங்கு கார்டில் கோடு எப்படி விழுகிறது? நெகட்டிவ் என்றால் நம்பலாமா?

உசிலம்பட்டியில் தங்கை மகனுக்கு எடுத்த டெங்கு கார்டு (ரத்தத் துளியை விட்டு டெங்கு இருக்கிறதா என்று பார்க்கும் சின்ன அட்டை) 20 நிமிடத்தில் நெகட்டிவ் காட்டியது, நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கார்டுக்குள் இருப்பது ஒரு மெல்லிய பட்டை. ஒரு முனையில் விட்ட ரத்தத் துளி, திரியில் எண்ணெய் ஏறுவது போல மறுமுனைக்கு ஊறிப் போகும். வழியில் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்) பூசிய தங்க நுண்துகள்கள் காத்திருக்கும். டெங்கு வைரஸின் என்எஸ்1 புரதம் வந்தால் அதைப் பற்றிக்கொண்டு போய் ‘டி’ என்ற இடத்தில் சிக்கிக்கொள்ளும். அந்தத் துகள்கள் சேர்ந்ததுதான் நீங்கள் பார்க்கும் சிவப்புக் கோடு. தங்கம் அவ்வளவு பொடியானால் சிவப்பாகத்தான் தெரியும்! கார்டு சரியாக வேலை செய்ததா என்று காட்டுவது ‘சி’ கோடு; அது விழாவிட்டால் கார்டே செல்லாது.

சரி, நம்பலாமா? பாசிட்டிவை பெரும்பாலும் நம்பலாம். நெகட்டிவை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். ஏற்கெனவே ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு என்எஸ்1 சீக்கிரமே மறைந்துவிடும். காய்ச்சல் 5 நாளைத் தாண்டினால் ஐஜிஎம் (டெங்குவை எதிர்த்து உடல் உண்டாக்கும் ஆன்டிபாடி) பரிசோதனையும் கேளுங்கள்.

அப்புறம், காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று ஏதாவது தெரிந்தால் கார்டு என்ன சொன்னாலும் சரி, உடனே பையனைத் தூக்கிக்கொண்டு மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.