அரக்கு பூசிய சைக்கிளும் வெடித்த விரல்களும்

கேள்வி: எனக்கு வயது 46, ஊர் மண்டபம். அப்பாவின் பழைய சைக்கிளைச் சரிசெய்து, ஹேண்டில்பாரில் பருத்தி டேப் சுற்றி, அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மூன்று கோட் அடித்தேன். கடற்காற்றில் மணல் வந்து ஒட்டுகிறதே என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டேன். அன்று மாலையே தலைவலி, குமட்டல், மறுநாள் சரியாகிவிட்டது. கையில் ஒட்டியதைத் தின்னர் ஊற்றிக் கழுவினேன். பத்து நாளாகியும் விரல்கள் வெடித்து எரிகின்றன. அரக்கு விஷமா? டேப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சையா?

பதில்: அரக்குப் பூச்சி சுரக்கும் பிசின்தான் அது. மாத்திரைகள் சிலவற்றின் மேல்பூச்சிலும் இதே அரக்கு உண்டு. காய்ந்த டேப்பைத் தைரியமாகப் பிடிக்கலாம்.

உங்களைப் படுத்தியது ஸ்பிரிட். யாரும் குடித்துவிடக் கூடாதென்று பாலிஷ் ஸ்பிரிட்டில் மெதனால் கலப்பதுண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட அதே மெதனால்தான். பயப்படாதீர்கள், ஒரு சாயங்காலம் முகர்ந்த அளவு வேறு, குடித்த அளவு வேறு. மெதனாலின் கெடுதல் பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள் தெரிந்துவிடும். பார்வை மங்குவது, கண்முன் பனி கொட்டுவது போலத் தெரிவது, விடாத வாந்தி, மூச்சு வாங்குவது, இவை எதுவும் உங்களுக்கு இல்லை. யாருக்காவது இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்த கோட்டைத் திண்ணையிலோ மரத்தடியிலோ அடியுங்கள். நாலு மணல் ஒட்டினால் ஒட்டட்டும். பக்கத்தில் கொசுவத்திச் சுருள், பீடி, அடுப்பு எதுவும் கூடாது. ஸ்பிரிட் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. சுட்ட பிறகுதான் தெரியும்.

இனி விரல்கள். தின்னர் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையை அப்படியே உருவிவிடும். அதன் மேல் உப்புத் தண்ணீரும் பட்டால் வெடிக்காமல் என்ன செய்யும்? பெட்ரோல், மண்ணெண்ணெயும் வேண்டாம். அவற்றில் அரக்கு கரையாது, கைதான் கெடும். வெடிப்பு ஆறும்வரை ஒவ்வொரு முறை கை கழுவியதும் ஈரம் காய்வதற்குள் வாஸ்லின் தடவுங்கள். இரவில் தாராளமாகப் பூசிப் பருத்திக் கையுறை போட்டுப் படுங்கள். மருந்துக் கடையில் கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு மட்டும் வேண்டாம். என்னிடம் வரும் பாதித் தோல் கோளாறுகளுக்கு அதுதான் ஊற்றுக்கண்.

கையில் மிச்சமிருக்கும் அரக்கு இரண்டு மூன்று நாளில் தானே உரிந்துவிடும். அவசரமென்றால், வெடிப்பு ஆறிய கையில் சானிடைசர் இரண்டு சொட்டு தேய்த்துத் துணியால் துடைத்து, சோப்பு போடுங்கள். (சானிடைசர் ஈரத்தோடு ஹேண்டில்பாரைப் பிடித்துவிடாதீர்கள். பூச்சு இளகி, பலாச்சுளை தொட்ட விரல் மாதிரி பிசுபிசுக்கும்.)

அரக்கு ஒவ்வாமை அபூர்வம்தான், ஆனால் உண்டு. சைக்கிள் ஓட்டிய ஓரிரு நாளில், உள்ளங்கையில் டேப் பட்ட இடத்தில் மட்டும் அரிப்பும் சிறு கொப்புளமும் வந்து, ஓட்டாத வாரத்தில் அடங்கினால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த வெள்ளை அநேகமாகப் பூஞ்சையில்லை. ஈரக்காற்றில் அடித்தால் அரக்கு அப்படிப் பூக்கும். நல்ல வெயில் நாளில் ஸ்பிரிட் நனைத்த துணியால் லேசாக ஒற்றினால் போய்விடும். பிரஷ்ஷைக் கழுவவே வேண்டாம், காய விடுங்கள். அடுத்த முறை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் இளகும். கழுவித்தான் தீருவேன் என்றால் வெந்நீரில் சலவை சோடா போதும், ஆனால் வெறும் கையால் வேண்டாம்.

மிச்ச ஸ்பிரிட்டை எதில் ஊற்றி வைத்திருக்கிறீர்கள்? தண்ணீர் பாட்டில் என்றால் இன்றே மாற்றுங்கள். தாகத்தோடு ஓடி வரும் பிள்ளை மோந்து பார்த்துக் குடிக்காது.