மீன் தொட்டியின் சம்ப் குழாயில் சொட்டும் தண்ணீரை எம்-சீல் வைத்து நிறுத்தலாமா?

நிறுத்தலாம், சில வாரங்களுக்கு. தொட்டியைக் காலி செய்யாமல் வெளிப்புறமாகவே அடைக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தொட்டியில் நிரம்பி வழியும் தண்ணீரைப் பிடிக்கும் ஓவர்ஃப்ளோ அறையிலிருந்து, அடியிலுள்ள வடிகட்டித் தொட்டியான சம்புக்குப் பி.வி.சி. குழாய் இறங்குகிறது, இரவில் ஒரு துணியைப் போட்டுவிட்டுக் காலையில் பிழிந்து காயவைக்கிறீர்கள் என்று ஊகித்துக்கொள்கிறேன். நான் பிளம்பர் அல்லன். சென்னையில் ஒரு மாடிக் குடியிருப்பில் நாலடித் தொட்டி வைத்திருப்பவன், அவ்வளவுதான். ஆனாலும் இந்த எம்-சீல் யோசனையை யார் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

அடைப்பதற்கு முன்னால் எங்கே கசிகிறது என்று தெரிய வேண்டும். தண்ணீர் குழாயின் மேற்பரப்பிலேயே ஒட்டி ஓடி, அடுத்த எல்போவிலோ வால்விலோ வந்துதான் சொட்டும். ஆகவே எல்லா இணைப்புகளையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டிஷ்யூ தாளைச் சுற்றி வையுங்கள். எது முதலில் நனைகிறதோ அதுவே குற்றவாளி. மோட்டாரை நிறுத்திய பிறகும் கசிவு தொடர்ந்தால் தொட்டியின் துளையில் குழாயைப் பொருத்தும் பல்க்ஹெட் என்ற இணைப்பையும், ஓடும்போது மட்டும் கசிந்தால் தண்ணீரை மேலேற்றும் குழாயையும் முதலில் சந்தேகிக்கலாம். நம் ஊர்க் கடினநீர் இதில் ஓர் உபகாரம் செய்கிறது: நாள்பட்டுக் கசியும் இடத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கும்.

என் தொட்டியில் அந்த வெள்ளைப் படிவு, பல்க்ஹெட்டும் அதில் திருகிய எம்.டி.ஏ.வும் (வெளிப்புறம் மரையுள்ள குழாய் இணைப்பு) சேரும் இடத்தில் இருந்தது. வந்த பிளம்பர் டெஃப்லான் டேப்பை இன்னும் தடிமனாகச் சுற்றி, ரெஞ்சால் இறுக்கி, மேலே எம்-சீலை அப்பிவிட்டு, "இனிமே ஒரு சொட்டு வராது சார்" என்று சொல்லிப் போனார். சில வாரம் வரவில்லை. பிறகு எம்-சீலுக்கும் குழாய்க்கும் நடுவே மயிரிழை போன்ற ஒரு விரிசல் விட்டு, பழையபடியே சொட்டியது. மோட்டார் அதிர்ந்துகொண்டே இருக்கும் குழாயில், இறுகிக் கல்லாகிவிடும் ஒரு பசை ஒட்டிக்கொண்டே இருக்க முடியாது; தவிரவும், தண்ணீர் உள்ளே மரை வழியாகச் சுற்றி வந்துகொண்டேதான் இருந்தது.

கடைசியில் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பல்க்ஹெட் அமெரிக்க என்.பி.டி. மரை கொண்ட இறக்குமதிச் சரக்கு, எம்.டி.ஏ. நம் ஊர் பி.எஸ்.பி. மரை. 1 அங்குல அளவில் முன்னதில் அங்குலத்துக்கு 11½ மரை, கோணம் 60 பாகை. பின்னதில் 11 மரை, கோணம் 55 பாகை. பல்க்ஹெட்டோடு வந்திருந்த, அதே என்.பி.டி. வகையான ஹோஸ் நிப்பிளின் மரையை எம்.டி.ஏ.வின் மரையோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தேன்: முதல் சில பற்கள் இரண்டு சீப்புகளைப் போல ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டன; அதற்கு மேல் பல்லின்மேல் பல் ஏறி, இடையில் வெளிச்சம் தெரிந்தது. கைக்கு இறுகிவிட்டது போலவே இருக்கும், உண்மையில் இறுகியிருக்காது. கடைக்காரரிடம் கேட்டதற்கு, "எல்லாம் ஒரு இஞ்சுதான் சார்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தால் இந்த ஊரில் எத்தனை வீட்டு அலமாரிப் பலகை ஊதிப்போயிருக்கிறதோ!

ஒட்டும் குழாய்களிலும் இதே தொல்லை உண்டு. அங்குல அளவில் வரும் யு.பி.வி.சி.யில் 1 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ.; விவசாயத்துக்கு விற்கும் குழாயில் 32 மி.மீ. 32 மி.மீ. குழாயை 33.4 மி.மீ. ஃபிட்டிங்கில் நுழைத்தால் லொடலொடவென்று போகும். சால்வென்ட் சிமெண்ட் பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குமே தவிர, இடைவெளியை நிரப்பாது. ஆகவே குழாயும் ஃபிட்டிங்கும் ஒரே வகையில் வாங்கி, ஒட்டிய பின் ஒரு நாள் முழுக்கக் காயவிட்டுத் தண்ணீர் விடுங்கள்.

காலி செய்வதைப் பற்றி நீங்கள் அஞ்சும் அளவுக்கு ஒன்றுமில்லை. பல்க்ஹெட் ஓவர்ஃப்ளோ அறைக்குள் இருந்து, அந்த அறையின் தடுப்பும் சரியாக ஒட்டப்பட்டிருந்தால், மோட்டாரை நிறுத்திவிட்டு அந்த அறைத் தண்ணீரை மட்டும் ட்யூபால் இழுத்தால் போதும். மீன்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். தொட்டிக்குள் காற்று மோட்டார் ஓடட்டும், ஃபில்டர் மீடியா காயாமல் தண்ணீரில் கிடக்கட்டும். நான் பல்க்ஹெட்டையே எடுத்துவிட்டு, மேல்நிலைத் தொட்டிகளுக்குப் போடும் டேங்க் நிப்பிளை அதே துளையில் பொருத்தினேன். இரண்டில் எதைப் போட்டாலும், ரப்பர் வாஷர் நட்டுப் பக்கமல்ல, விளிம்புப் பக்கம், அதாவது தண்ணீர் நிற்கும் பக்கம் கண்ணாடியோடு ஒட்டி உட்கார வேண்டும். கையால் முடிந்தமட்டும் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். ரெஞ்சைப் போட்டு முறுக்கினால் துளையைச் சுற்றிக் கண்ணாடி தெறித்துவிடும். வாஷரில் சிலிக்கான் தடவ வேண்டாம்.

எம்-சீல் வைத்தே வருடக்கணக்கில் ஓட்டுகிறேன் என்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் தொட்டியை நான் குறை சொல்லவில்லை. இரும்பு ஸ்டாண்டும் தரைத்தளமும் உள்ளவர்களுக்கு அது கட்டுப்படியாகலாம். பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி அப்படித் தாங்காது. ஈரத்தில் ஒரு மூலை ஊதி மட்டம் மாறினால், பாரம் முழுவதும் கண்ணாடியின் ஒரு பக்கம் போய் நிற்கும். மாடியில் இருப்பவர்களுக்குக் கீழ்வீட்டுக்காரர் வேறு. எங்கள் கட்டடத்தில் மழையில் ஊறிய வெளிச்சுவருக்கும் என் மீன்களே பொறுப்பென்று கூட்டம் போட்டுப் பேசினார்கள். அதனாலேயே பழுது பார்த்த பிறகும் அலமாரிக்குள் செய்தித்தாளை விரித்துத் தேதி எழுதி வைத்தேன். அது நனையாமல் கிடந்ததைச் சங்கச் செயலாளரை அழைத்துக் காட்டவும் செய்தேன்.

டிஷ்யூ நனைவது குழாயில் அல்லாமல் கண்ணாடியும் கண்ணாடியும் சேரும் ஒட்டில் என்றால், நான் எழுதியது எதுவும் பொருந்தாது. பழைய சிலிக்கானின் மேல் புதியது சரியாகப் பிடிக்காது என்பதால், அங்கே தொட்டியை முழுக்கக் காலி செய்து, பழையதைப் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும்.