பழைய ஆலை நிலங்களைப் பூங்காவாக மாற்றுவதையே முழுநேரத் தொழிலாகக் கொள்ள முடியுமா? அந்த வேலை எப்படி இருக்கும்?

முடியும். பதினொரு வருஷமாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

பி.ஆர்க் (கட்டடக்கலைப் பட்டம்) நான்காம் வருஷம் படிப்பதாகவும், லேண்ட்ஸ்கேப், அதாவது பூங்கா, திறந்தவெளி வடிவமைப்புப் பக்கம் போக ஆசை என்றும், மூடிப்போன ஆலை நிலங்களில் வேலை செய்கிறவர்களுக்கு டிசைன் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிடிபடவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். என் அனுபவத்தில் டிசைன் கால்வாசி. மீதி முக்கால்வாசி, மண்ணோடு மல்லுக்கட்டுவதும் மனிதர்களிடம் பேசிப் புரியவைப்பதும்தான். அந்த முக்கால்வாசி உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்.

நான் இருப்பது அமெரிக்காவின் சியாட்டிலில். இந்த வேலை எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் காட்டும் இடம் என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிறது. கேஸ் வொர்க்ஸ் பார்க், யூனியன் ஏரியின் வடகரையில் சுமார் 19 ஏக்கர். 1906 முதல் அங்கே நிலக்கரியிலிருந்து வாயு தயாரித்து ஊருக்கு விளக்கெரிக்கவும் சமைக்கவும் அனுப்பினார்கள். 1930களின் கடைசியில் நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெய் வந்தது. 1956இல் குழாய் வழியாக இயற்கை எரிவாயு வந்ததும் ஆலையை மூடினார்கள். ஐம்பது வருஷத் தாரும், நாப்தலீன், பென்சீன் போன்ற நச்சு ரசாயனங்களும் மண்ணுக்குள் இறங்கியிருந்தன. 1962இல் நகர நிர்வாகம் அந்த நிலத்தைப் பூங்காவுக்காக வாங்கியது. எல்லார் மனதிலும் இருந்த திட்டம் ஒன்றுதான்: இரும்பு மொத்தத்தையும் அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புல் விதைப்பது.

1970இல் அந்த வேலை ரிச்சர்ட் ஹாக் கைக்கு வந்தது. கென்டக்கி மாநிலத்தில் நாற்றங்கால் வைத்திருந்தவரின் மகன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் துறையை நிறுவியவரும் அவர்தான். நிலம் கைக்கு வந்ததும் அவர் வரைபடத்தோடு உட்காரவில்லை. அங்கேயே இரவில் தங்கினார். ஆலையின் பழைய கொல்லன் பட்டறையைத் தன் அலுவலகமாக்கிக்கொண்டு, ஊர்க்காரர்களை அங்கே வரவழைத்துப் பேசினார். வாயு தயாரித்த இந்த இரும்புக் கோபுரங்களை இடிக்க வேண்டாம், இவைதான் இந்த இடத்தின் முகம் என்று சொன்னார். அந்தக் காலத்தில் அது பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகப்பட்டது. அந்த நிலத்தைப் பூங்காவாக்கப் போராடிய நகர்மன்ற உறுப்பினர் மிர்டில் எட்வர்ட்ஸ் 1969இல் விபத்தில் இறந்திருந்தார். பூங்காவுக்கு அவர் பெயரையே வைப்பதாக இருந்தது. கோபுரங்கள் நிற்கப்போகின்றன என்று தெரிந்ததும் அவர் குடும்பத்தார், எங்கள் அம்மா பெயர் இதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. பசுமையாக ஒரு தோட்டம் வரும் என்று நம்பியவர்களுக்குத் துருப்பிடித்த இரும்பு கிடைத்தால் யாருக்கும் மனசு வலிக்கும். அதற்கு முன்பே ஹாக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசி, 1971இல் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கியிருந்தார். 1975இல் பூங்கா திறந்தது.

கோபுரங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னை இந்தத் தொழிலுக்கு இழுத்தது அவர் மண்ணுக்குச் செய்த வைத்தியம். கெட்ட மண்ணை வெட்டி லாரியில் ஏற்றி வேறெங்கோ கொட்டுவதுதான் அன்றைய வழக்கம். அப்படிச் செய்தால் நம் தலைவலி இன்னொரு ஊருக்குப் போகும், அவ்வளவுதான். ஹாக் ஒரு மண் விஞ்ஞானியைச் சேர்த்துக்கொண்டு, சாக்கடைக் கசடு, மரத்தூள், இலைதழை எல்லாவற்றையும் மேல்மண்ணில் கலந்து உழவைத்தார். கசடில் தழைச்சத்தும் நுண்ணுயிர்களும் இருக்கின்றன. மரத்தூள் மண்ணைப் பொலபொலவென்று ஆக்கிக் காற்றை உள்ளே விடும். காற்றும் தழைச்சத்தும் கிடைத்தால் பாக்டீரியாக்கள் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னத் தொடங்கும். குப்பை எரு போட்டு உழுகிற நம் ஊர் விவசாயிக்கு இதைச் சொன்னால் அரை நிமிஷத்தில் புரிந்துவிடும். ஆனால் 1970களில் ஒரு நகரப் பூங்காவுக்கு இதைச் செய்தது பெரிய துணிச்சல்.

முழுதாகப் பலித்ததா என்றால், இல்லை. இதை நீங்கள் தெரிந்துகொண்டுதான் வர வேண்டும். தாரில் இருக்கும் கூட்டுப்பொருள்களில் சிறியவற்றை நுண்ணுயிர்கள் சீக்கிரம் உடைத்துவிடும், பெரியவற்றை உடைக்க வருஷக்கணக்கில் ஆகும். 1984இல் மண்ணைச் சோதித்தபோது அவை இன்னும் இருப்பது தெரிந்து, பூங்காவைச் சில காலம் மூடி, புது மண் போட்டுத் திறந்தார்கள். அதற்குப் பிறகும் பல சுற்று வைத்தியம் நடந்தது. இன்றும் அங்கே ஏரியில் இறங்கக் கூடாது. நல்ல வெயில் நாளில் ரோடு போடும் இடத்தில் வருமே, அந்தத் தார் வாசனை சில மூலைகளில் லேசாக வருவதுபோல எனக்குத் தோன்றும். ஹாக் 2018இல், 94 வயதில் காலமானார். அவர் தொட்ட மண் இன்னும் சிகிச்சையில்தான் இருக்கிறது. இந்தத் தொழிலில் திறப்பு விழாவோடு வேலை முடிவதில்லை.

சரி, நான் தினமும் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

ஒரு நிலம் வந்தால் முதல் சில மாதங்கள் பழைய காகிதம்தான். தீக்காப்பீட்டு நிறுவனங்களுக்காக நூறு வருஷத்துக்கு முன்பு வரைந்த ஊர் வரைபடங்கள் அமெரிக்காவில் கிடைக்கும். எந்தக் கொட்டகை எங்கே இருந்தது, எண்ணெய்த் தொட்டி எந்த மூலையில் என்று அதில் இருக்கும். தொட்டி இருந்த இடத்தில் மண்ணும் கெட்டிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் துளை போட்டு மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவோம். முடிவு வந்த பிறகுதான் பென்சிலைத் தொடுவோம், ஏனென்றால் பாதி டிசைனை அந்த முடிவே தீர்மானித்துவிடும். கெட்ட மண்ணை அகற்ற முடியாத இடத்தில் மேலே நல்ல மண் மூட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு வலைத்துணி விரிப்போம். பிற்காலத்தில் யாராவது குழாய் பதிக்கத் தோண்டினால், அந்த நிறத்தைப் பார்த்ததும் கையை நிறுத்த வேண்டும் என்பதற்காக. நாற்பது வருஷம் கழித்து வரப்போகும் ஒரு கூலியாளுக்கு நாங்கள் எழுதி வைக்கும் கடிதம்போல அது. துணி விரிக்கிற நாளில் நான் கட்டாயம் சைட்டில் இருப்பேன். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடப்பேன்.

சாதாரணப் பூங்காவில் மழைநீரை மண்ணுக்குள் இறக்குவது நல்ல காரியம். இங்கே அப்படி இறக்கினால் அது விஷத்தைக் கரைத்து ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். ஆகவே சில இடங்களில் நீரை இறங்கவிடாமல் மேலோடு மேலாகவே ஓட்டிக் கொண்டுபோக வேண்டும். மரத்துக்கு ஆழமான மண் வேண்டும், நம்மிடம் இருப்பதோ முக்கால் மீட்டர். எந்தக் கட்டடம் நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்பதில் பாதுகாப்புப் பொறியாளருக்கும் நமக்கும் நடக்கும் வாக்குவாதம் தனிக்கதை.

என் முதல் சைட்டில் பெரிய தப்பு செய்தேன். ஆற்றங்கரை ஓரத்தில் பழைய மரமறுப்பு ஆலை நிலம். நாற்பது ஆல்டர் மரங்களை வரிசையாக வைத்தேன். இரண்டாவது கோடையில் பாதி மரங்கள் பட்டுப்போய் நின்றன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தோண்டிப் பார்த்தால், வேரெல்லாம் கறுத்து அழுகியிருந்தது. மண்ணுக்கு அடியில் பழைய இயந்திர மேடையின் கான்கிரீட் பலகை அப்படியே கிடந்தது. குளிர்கால மழை அதில் தட்டில் நிற்பதுபோல நின்று வேரை மூழ்கடித்திருக்கிறது. அந்த மேடை பழைய வரைபடத்தில் தெளிவாக இருந்தது. நான்தான் அந்தத் தாளை ஒழுங்காகப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, மரம் வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் சோதனைக்குழி வெட்டாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

வாழ்க்கை முழுவதும் இதையே செய்ய முடியுமா என்று கேட்டீர்கள். ஜெர்மனியின் பீட்டர் லாட்ஸைப் பாருங்கள். 1980களில் சார்புரூக்கனில் ஒரு பழைய நிலக்கரித் துறைமுகத்தைப் பூங்காவாக்கினார். அடுத்து டுயிஸ்பர்க்கில், 1985இல் மூடப்பட்ட இரும்பாலையின் 180 ஹெக்டேர். இரும்பு உருக்கிய ஊது உலையை அப்படியே நிற்கவிட்டார். மக்கள் அதன்மேல் ஏறி ஊரைப் பார்க்கிறார்கள். தாதுக் கிடங்கின் சுவர்களில் மலையேற்றம் பழகுகிறார்கள். வாயு சேர்த்து வைத்த பெரிய கலத்தில் தண்ணீர் நிரப்பி அதற்குள் முக்குளிக்கிறார்கள். ஆலைக்குள் சாக்கடையாக ஓடிய எம்ஷர் ஆற்றின் கழிவை நிலத்தடிக் குழாயில் விட்டுவிட்டு, மேலே மழைநீர் ஓடும் வாய்க்காலை அமைத்தார். பிறகு இத்தாலியின் டூரின் நகரில், பழைய உருக்காலை நிலத்தில் பார்கோ டோரா. ஒரே மனிதர், ஒரே வகை நிலம், முப்பது வருஷத்துக்கு மேல். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மூடிய ஆலைகளுக்குப் பஞ்சமில்லை, வேலை இருக்கிறது.

இந்தத் தொழில் யாருக்காக என்பது எனக்கு உறைத்த ஒரு நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா கோயம்புத்தூரில் ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். இங்கே வந்தபோது கேஸ் வொர்க்ஸ் பார்க்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே வாயுவை அழுத்தும் கம்ப்ரஸர்கள் இருந்த கொட்டகையைக் குழந்தைகள் விளையாடும் இடமாக ஹாக் மாற்றியிருக்கிறார். இயந்திரங்களுக்குச் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பெயிண்ட். மேட்டில் பட்டம் விடுகிறவர்களையும் ஏரியில் வந்திறங்கும் விமானங்களையும் அப்பா அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. கொட்டகைக்குள் போனவர் குழாய்களை இணைக்கும் ஒரு ஃப்ளாஞ்ச்மேல் உள்ளங்கையை வைத்துப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணினார். பிறகு என் மகளைக் கூப்பிட்டு, "இங்க பாரு கண்ணு, இதுக்குள்ளதான் பிஸ்டன் போயிட்டு வரும். இந்தப் பக்கம் எண்ணெய் ஊத்தோணும், மறந்துட்டா சத்தமே காட்டிக்குடுத்துரும்" என்றார். அவள் காதை இரும்பில் வைத்துக் கேட்டாள். பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வந்து காதை வைத்தார்கள். தமிழ் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா கையை முன்னும் பின்னும் ஆட்டி பிஸ்டன் போவதைக் காட்டினார்.

ஹாக் அந்த இரும்பை அறுத்துப் போட்டிருந்தால் அப்பாவுக்கு அந்த ஊரில் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். பி.ஆர்க் முடித்துவிட்டு அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்திலோ டெல்லி எஸ்.பி.ஏ. என்ற கட்டடக்கலைக் கல்வி நிறுவனத்திலோ லேண்ட்ஸ்கேப்பில் இரண்டு வருஷ முதுகலை படிக்கலாம். வெளிநாடு போவதானால் எம்.எல்.ஏ. (மாஸ்டர் ஆஃப் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்) பட்டம், அமெரிக்காவில் அப்புறம் உரிமத் தேர்வு. எங்கே படித்தாலும் மண்ணறிவியல் பாடம் ஒன்றையும் நிலத்தடி நீர் பாடம் ஒன்றையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். டிசைன் ஸ்டுடியோவில் அவற்றை யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த விடுமுறையிலேயே உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் ஆலை ஒன்றின் வெளிப்பக்கமாக நடந்து, அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, எந்தத் தொட்டி எங்கே இருந்தது என்று கேட்டு வரைந்து பாருங்கள். வரைந்ததை இங்கே போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன்.