கூடைப்பந்தா, ட்யூஷனா?

தம்பி, டாலஸ் பக்கம் குடிவந்து நான்கு மாதம் ஆகிறது, மகனுக்குப் பன்னிரண்டு வயது, வரும் கோடை விடுமுறையில் கூடைப்பந்து கேம்ப்பில் சேர்த்துவிடச் சொல்லி நச்சரிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கேம்ப்பின் அறிவிப்பில் ‘படிப்புக்கும் முக்கியத்துவம்’ என்று போட்டிருப்பது வெறும் விளம்பரமா, அந்த நேரத்துக்குக் கணக்கு ட்யூஷனில் விடுவது நல்லதா என்பது உங்கள் கேள்வி. நான் டெக்சாஸுக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இதே கேள்வியை மனதில் போட்டுக் குழப்பிக்கொண்டு, முதல் கோடை முழுக்க மகனை வீட்டிலேயே வைத்திருந்தேன். அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். அனுப்புங்கள்.

படிப்பு வேறு, விளையாட்டு வேறு என்றுதான் நாம் நினைத்து வளர்ந்தோம். இங்கே பள்ளிக்கூடத்தில் இரண்டையும் சேர்த்தே முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். 1984-இல் டெக்சாஸில் ஒரு சட்டம் வந்தது. இப்போது அதன்படி ஒரு பாடத்தில் மதிப்பெண் 70-க்குக் கீழே போனால், குறைந்தது மூன்று வாரம் பள்ளி அணிக்காகப் போட்டியில் இறங்க முடியாது. பயிற்சிக்கு வரலாம், ஆட முடியாது. உங்கள் மகன் ஏழாம் வகுப்பில் பள்ளி அணியில் சேர்ந்தால் அவனுக்கும் இதே விதிதான். அதனால் நல்ல கோச் யாராக இருந்தாலும் ஹோம்வொர்க்கைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டார்.

ஆனாலும் எல்லாக் கேம்ப்பும் ஒன்றில்லை. படிப்பு நேரம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை மேசையில் உட்காரவைத்துப் போனைப் பார்க்கவிடும் இடங்களும் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள், என்ன செய்வார்கள் என்று நேராகவே கேட்டுவிடுங்கள். என் மகன் போன இடத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். காலையில் ஒவ்வொரு பிள்ளையும் எத்தனை ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் கூடையை நோக்கி எறிவது) போட்டான், எத்தனை விழுந்தது என்று ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். மதியம் அதுதான் கணக்குப் பாடம். பத்தில் ஏழு பெரிதா, இருபத்தைந்தில் பதினெட்டு பெரிதா என்று இரண்டு பையன்கள் அரை மணி நேரம் சண்டை போட்டதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். அன்றைக்கு என் மகனுக்குச் சதவீதம் புரிந்தது. அதற்கு முன் நான் மூன்று மாதம் சொல்லிக்கொடுத்தும் ஏறவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பில் அவன் வாயே திறக்க மாட்டான். ஆங்கிலம் தெரியாமல் இல்லை. தன் உச்சரிப்பைக் கேட்டு யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம். கேம்ப்பின் முதல் நாள் ரிப்போர்ட் கார்டைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கோச் மதிப்பெண்களை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, கீழே ஆசிரியர் எழுதியிருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். வகுப்பில் கேள்வி கேட்பதில்லை என்ற வரி. அப்போது எதுவும் சொல்லவில்லை. தடுப்பாட்டம் சொல்லிக்கொடுக்கும்போது அவனைக் கூடைக்கு அடியில் நிறுத்தினார். அங்கே நிற்பவனுக்குத்தான் ஆட்டம் முழுக்கக் கண்ணில் படும். எதிரணி ஆள் இடப்பக்கம் வந்து மறிக்கிறான் என்று அவன் கத்தினால்தான் முன்னால் நிற்பவர்களுக்குத் தெரியும். முதல் தடவை இவன் உதடு மட்டும் அசைந்தது. முன்னால் இருந்த பையன் போய் மோதி விழுந்தான். கோச் திட்டவில்லை. “நீ பார்த்தாய் இல்லையா? அவனுக்கும் சொல்” என்றார், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை கூட்டிவரப் போனபோது ஜிம் வாசலிலேயே என் மகன் குரல் கேட்டது. பள்ளி திறந்து ஒரு மாதத்தில் அறிவியல் ஆசிரியை, இப்போது கை தூக்குகிறான் என்று மின்னஞ்சல் அனுப்பினார். அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அப்புறம், ஸ்காலர்ஷிப் பற்றி. அந்த ஆசையில் அனுப்பாதீர்கள். உயர்நிலைப் பள்ளியில் ஆடும் பையன்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர்தான் கல்லூரி விளையாட்டின் உச்ச நிலையான முதல் டிவிஷனில் ஆடுகிறார். அதற்கும், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதிப்படி 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், அவற்றில் ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 2.3 இருக்க வேண்டும். அந்தக் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும். மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளிலும் ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக்கிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. ஊர் ஊராகப் போட்டிக்குப் போகும் அணி ஒன்று, பெயர் வேண்டாம், ஸ்காலர்ஷிப் நிச்சயம் என்று பேசி எங்களிடம் இரண்டு வருடம் பணம் வாங்கியது. வார இறுதிகள் எல்லாம் ஹோட்டலிலும் ஹைவேயிலும் போயின. பையன் ஞாயிறு இரவு காரில் ஹோம்வொர்க் எழுதினான். பன்னிரண்டு வயதில் அப்படி யாராவது உறுதி கொடுத்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நகராட்சிப் பூங்காத் துறையும் ஒய்எம்சிஏவும் நடத்தும் கேம்ப்களை முதலில் பாருங்கள். ஒய்எம்சிஏவில் வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் எச்4 விசாவில் இருப்பது இதற்குத் தடையில்லை. சில இடங்களில் டாக்டர் கையெழுத்திட்ட உடல்தகுதிப் படிவம் கேட்பார்கள். மே கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள், அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது, ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள். பந்து வாங்க வேண்டாம், அங்கே இருக்கும். கணுக்காலைப் பிடித்து நிற்கும் ஷூ மட்டும் நல்லதாக வாங்கிக்கொடுங்கள். முதல் இரண்டு நாள் மாலையில் மகன் களைத்துப்போய் எதுவும் பேசாமல் வருவான், பயப்படாதீர்கள். புதன்கிழமைக்குப் பிறகு என்ன சொல்கிறான் என்று எனக்கு எழுதுங்கள்.